ஒரு விரல் நீண்ட நீர்மூழ்கி

அத்தியாயம் ஒன்பது

கட்டிலுக்கு அடியில் அந்தச் சூட்கேஸ் குடியேறிய நாளிலிருந்து சௌதாமினியின் துடைப்பம் அந்தப் பக்கம் போவதில்லை. தூசி படியட்டும், சிலந்தி கூடு கட்டட்டும், அவளுக்கென்ன.

நெய்யாற்றின்கரைக்கு உளி தீட்டுகிற கல் வாங்கப் போன அப்புக்குட்டன், கல்லை மறந்துவிட்டுச் சிவப்பு நிறத்தில் ஒரு சூட்கேசோடு திரும்பி வந்தான். "ஷார்ஜாவுக்கு விசா சரியாச்சு, ஷட்டரிங் வேலையாக்கும், கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கணும்" என்று சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னான். கேட்ட சௌதாமினி வாயே திறக்காமல், ஏற்கெனவே மீன்கறியில் மிதந்த சோற்றின் மேல் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அதோடு போன வாரம் அவர்களை விட்டுவிட்டு வந்தோம்.

ஊரில் யாரோடும் வாய்கொடுத்து ஜெயிக்கிறவள் சௌதாமினி. அவள் பேரம் பேச வந்தால் மீன்காரி முதலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு மூச்சு விட்டுக்கொள்வாள். அப்படிப்பட்டவளுக்குக் கட்டின புருஷனிடம் 'போகாதே' என்று ஒரு சின்ன வார்த்தை சொல்ல நாக்கு எழவில்லை. பாறசாலைச் சந்திப்பிலிருந்து உள்ளே போகிற அந்தப் பாதையில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். போகிறவனைத் தடுக்கிற பெண்டாட்டியை, வாசலுக்கு வந்த லட்சுமியைக் காலால் தள்ளினவள் என்றுதான் பேசுவார்கள். அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், தன் நம்பிக்கை முழுவதையும் அவள் ஒரு மர நீர்மூழ்கிக் கப்பலின் மேல் ஏற்றி வைத்திருந்தாள்.

மர நீர்மூழ்கி என்றால் தண்ணீரில் விடுகிற சாமான் அல்ல. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிற மாதிரி. திருப்புறத்துக் கனகதாஸ் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலில் எலெக்ட்ரீஷியன். அவனுடைய கேப்டன் ஓய்வு பெறப் போகிறார். கீழே வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து, அந்தக் கப்பலையே சின்னதாகச் செய்து அவருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். "எங்க ஊர்ல செல்லையன் ஆசாரின்னு ஒருத்தர் உண்டு, அசல் தோத்துப் போவும்" என்று கனகதாஸ் விசாகப்பட்டினத்தில் மார்தட்டிவிட்டு லீவில் வந்திருந்தான்.

செல்லையன் ஆசாரி சௌதாமினியின் அப்பா. அப்புக்குட்டன் மருமகன் என்றாலும் அதே பட்டறையில் தொழில் பார்க்கிறவன், வீட்டோடு இருக்கிறவன்.

"இது நல்லா வந்தா, ஒவ்வொரு ஆபீசர் மாறிப் போறப்பவும் ஒண்ணு வேணும் தங்கச்சி. வருசம் பூரா வேலை உண்டு" என்று கனகதாஸ் சொல்லியிருந்தான்.

வருஷம் பூரா வேலை இருந்தால் ஷார்ஜா எதற்கு? அதுதான் சௌதாமினியின் கணக்கு. இன்று கனகதாஸ் வந்து பார்ப்பான். பிடித்திருந்தால் சாயங்கால ரயிலில் கையோடு கொண்டுபோவான். பிடிக்கவில்லையென்றால் சூட்கேஸ் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிடும்.

காலையில் பட்டறைக்குள் போய்ப் பழைய வேட்டியை விலக்கிப் பார்த்தாள். கருகருவென்று, வழவழவென்று, தண்ணீரிலிருந்து இப்போதுதான் எழுந்த மாதிரி பலகைமேல் கிடந்தது. அந்த வழவழப்பு அவளுடையது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் ரேகையே போய்விட்டது. பின்னால் இருக்கிற பித்தளை விசிறிகளும் அவள் தகட்டில் வெட்டி வளைத்தவைதான். உடம்பைச் செதுக்கியது அப்புக்குட்டன். பலகைகளை ஒட்டி, அளந்து, குறி போட்டுக் கொடுத்தது அப்பா.

அந்தப் பலகைக்கும் ஒரு கதை உண்டு. நிலக்காரர் நீலகண்ட பிள்ளையின் விளையில் குடிசை போட்டுக் குடிகிடப்பாக இருந்தவர்களுக்கு நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்து பத்து சென்ட் சொந்தமானபோது, செல்லையன் ஆசாரி முதலில் கட்டியது வீடு அல்ல, இந்தப் பட்டறை. அதே சட்டத்தில் பிள்ளையின் வயல்கள் பாட்டம், அதாவது குத்தகை, எடுத்து உழுதவர்களுக்கே போய்விட்டன. நெல் வராத பத்தாயத்தை வைத்துக்கொண்டு எலியா வளர்ப்பது என்று பிள்ளையின் மனைவி பகவதியம்மாள், அவ்வளவு பெரிய தானியப் பெட்டியை ஆசாரிக்கே விற்றுவிட்டாள். அந்த அயினி மரத்துப் பலகைதான் இப்போது கடற்படையில் சேர்ந்திருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தது. அப்பாதான் சரியாக இல்லை. விடிந்ததிலிருந்து குளத்துக்கு இரண்டு தடவை போய் வந்துவிட்டார். வெற்றிலையைக் கிள்ளுகிறார், போடாமல் வைக்கிறார். ஏதோ செய்துவிட்டு அதை யாரும் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆளின் நடை அது.

"அம்மா, அப்பாவுக்கு என்னவாக்கும்?" என்று அடுக்களையில் கேட்டாள்.

"கப்பலு போவுதேன்னு சங்கடமாயிருக்கும்" என்றாள் ஓமனக்குட்டி. ஓமனக்குட்டிக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் இதற்குள் பாதி ஊருக்குத் தெரிந்திருக்கும்.

கனகதாஸ் பத்து மணி வாக்கில் வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்தவன். கப்பலின் தாழ்ந்த கதவுகளில் நுழைந்து நுழைந்து, கதவே இல்லாத பட்டறைக்குள்ளும் குனிந்துதான் வருவான்.

சௌதாமினி வேட்டியை விலக்கினாள். கனகதாஸ் குனிந்து பார்த்தான். ஒரு சுற்று சுற்றி வந்தான். நடுவில் நிற்கிற கோபுரத்தைத் தொட்டான், அதன் உச்சியில் எட்டிப் பார்க்கிற கண்குழாயைத் தொட்டான்.

"தங்கச்சி, எனக்கு இப்போ டீசல் நாத்தம் அடிக்குது" என்றான். அதைவிடப் பெரிய பாராட்டு அவனிடம் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. ஓரக்கண்ணால் புருஷனைப் பார்த்தாள். அப்புக்குட்டனும் சிரித்துக்கொண்டுதான் நின்றான்.

அப்போதுதான் கனகதாஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்தான். அப்பா, "நான் குளத்துக்குப் பெய்ட்டு வாறேன்" என்று துண்டை எடுத்தார்.

"இன்னும் ஒருதரமா? இருங்கப்பா" என்றாள் சௌதாமினி.

கனகதாஸ் அளந்தான். மறுமுனையிலிருந்து திரும்ப அளந்தான். தான் கொடுத்திருந்த தாளை விரித்துப் பார்த்தான். அதில் வெளியே நின்று பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிற உருவம் மட்டும்தான் உண்டு. உள்ளே எது எங்கே என்று அவன் மூச்சு விடமாட்டான். "அடுக்களை எங்கன்னு சொன்னா என்ன ரகசியம்டே போவும்?" என்று ஆசாரி எத்தனை தடவை கேட்டும் பலிக்கவில்லை.

"ஆசாரியே, நீளம் ஒரு விரல் கூடுதலா இருக்கே."

"ம்."

"ம்முன்னா?"

"நான்தான் கூட்டினேன்" என்றார் செல்லையன் ஆசாரி. ஒளிக்கிறதெல்லாம் கேட்கிறவரைக்கும்தான். கேட்டுவிட்டால் அவருக்குப் பொய் வராது. "நீ தந்த அளவுக்குச் சுத்தளவு கணக்குப் பாத்தேன். மரணத்துல வந்து நிக்குது. ஆளு தாமசிக்கப்பட்ட, குடியிருக்கப்பட்ட எடமாக்கும். அதுல குறி போட எனக்க கை போவல்ல."

தச்சுக் கணக்கு தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்து ஆசாரிமார் வீடு கட்டும்போது சுற்றளவுக்கு ஒரு வயசு பார்ப்பார்கள். பால்யம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்யம், மரணம் என்று ஐந்து வயசு. மரணத்தில் வருகிற அளவில் மனுஷன் குடியிருக்க வீடு கட்டமாட்டார்கள். அதைக் கொஞ்சம் தாண்டிவிட்டால் கணக்கு மறுபடியும் பால்யத்திலிருந்து தொடங்கிவிடும். செல்லையன் ஆசாரி ஒரு விரலைக் கூட்டி, கடற்படையின் நீர்மூழ்கியைச் சத்தமில்லாமல் குழந்தையாக்கி வைத்திருந்தார்.

"இதென்ன வீடா?" என்றான் கனகதாஸ்.

"நீ அதுல தின்னுகியா?"

"தின்னுகேன்."

"உறங்குகியா?"

"உறங்குகேன்."

"அப்போ வீடுதான்."

"ஆசாரியே, அசலு விசாகப்பட்டினத்துல நிக்குது. இது பொம்மை."

"பொம்மைன்னா நீ ஏன் ஸ்கேல் வச்சு அளக்குதே?"

கனகதாஸ் தலையைப் பிடித்துக்கொண்டு மரக்கட்டையில் உட்கார்ந்தான். அவனுக்குக் கோபத்தைவிடக் கலக்கம்தான் அதிகம் என்று சௌதாமினி பார்த்தாள். "எங்க கேப்டன் ஒரு பல்பு சாய்ஞ்சிருந்தாலும் கண்டுபிடிக்கப்பட்ட மனுசன். அளவு தப்பினா ஆளு தப்பிச்சு வரமாட்டான்னு எங்களுக்குப் படிச்சுக் குடுத்தவரு. அவருக்க கையில அளவு தப்பின ஒண்ணக் கொண்டு குடுக்கவா? எல்லாருமாச் சேந்து என்ன நம்பி விட்டிருக்கானுவ."

"வெட்டி எடுத்திரலாம்" என்றான் அப்புக்குட்டன். "வாலுப் பக்கம் ஒரு விரல் வெட்டி, திரும்ப ஒட்டிச் சாயம் பூசினா ரயிலுக்குள்ள தீந்திரும்."

"வெட்டணும்னா வெட்டு மாப்பிள. எனக்க கை வெட்டாது" என்று சொல்லிவிட்டு ஆசாரி இந்தத் தடவை நிஜமாகவே குளத்துக்குப் போய்விட்டார்.

அப்புக்குட்டனுக்கு முகம் சிவந்தது. "இதுக்குத்தான் நான் போறேன்னு சொல்லுகது. அங்க பலகைன்னா பலகை. இவ்வளவு நீளம்னா இவ்வளவு நீளம். பலகைக்கு எவனும் சாதகம் பாக்கமாட்டான்."

அந்தப் பேச்சு சௌதாமினிக்கு நெஞ்சில் தைத்தது. இரண்டு நிமிஷம் முன்னால் சிரித்துக்கொண்டு நின்ற மனுஷன். அப்பாவின் மேல் வந்த ஆத்திரத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. ஒரு விரல் பலகைக்காக மகள் குடும்பத்தைக் கடல் கடத்துகிறாரே என்று தோன்றியது. அழுதுகொண்டிருக்க நேரமில்லை. ஆணியில் தொங்கிய, மரம் அறுக்கிற சின்ன வாளை எடுத்தாள், வால் பக்கம் பென்சிலால் குறி போட்டாள்.

"நீங்க நகருங்க. நான் வெட்டுகேன்."

"உனக்கு நடுங்குது" என்றான் அப்புக்குட்டன்.

"எனக்கு ஒண்ணும் நடுங்கல்ல. வாளு நடுங்குது."

வாள் மரத்தைத் தொடுவதற்குள் பாதையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "எலே தாசே, தின்ன உள்ள டின்னை விட்டுட்டு எங்கலே போவ?"

கனகதாஸ் துள்ளி எழுந்தான். "அம்மை வாறா. மூடு, மூடு." வேட்டியைப் பிடுங்கி அவனே கப்பல்மேல் போர்த்தினான். "கப்பல்ல வேலைன்னு மட்டுந்தான் அம்மைக்குத் தெரியும். வெள்ளத்துக்கு அடியிலன்னு சொல்லல்ல. சொல்லிராதீங்க."

செல்லபாய் நேந்திரங்காய் உப்பேரி வறுத்து அடைத்த டின்னையும் வாழையிலையில் கட்டின பொரித்த மீனையும் தூக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தாள். ரயிலில் போகிற பிள்ளை பட்டினி கிடப்பானே என்று பஸ் ஏறி வந்திருக்கிறாள். டின்னை நீட்டியவள், பலகைமேல் வெள்ளை வேட்டி போர்த்தி நீளமாகக் கிடந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கர்த்தாவே. சின்னப் பெட்டியாட்டு இருக்கே. ஆருக்க வீட்டுப் பிள்ளையாக்கும்?"

செல்லையன் ஆசாரி சவப்பெட்டியும் செய்கிறவர் என்பது ஊருக்குத் தெரியும். யாரும் பேசாத இடத்தில் ஓமனக்குட்டிக்கு இருப்புக் கொள்ளாது.

"அய்யோ அக்கா, பெட்டியில்ல. உங்க மவன் வேலை செய்யப்பட்ட கப்பலாக்கும். வெள்ளத்துக்கு அடியில முங்கிப் போவுமே, அது" என்று சொல்லி வேட்டியையும் உருவிவிட்டாள்.

கனகதாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

செல்லபாய் கப்பலைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். திரும்பவும் கப்பலைப் பார்த்தாள்.

"எவ்வளவு நாளாட்டு?"

"ஆறு வருசம் அம்மா."

"ஆறு வருசமா, நீ கப்பலுக்க மேல நிண்ணு உனக்குக் கடக்காத்து அடிச்சு சளி பிடிக்குமேன்னு நான் செபம் செய்யுகேன். நீ வெள்ளத்துக்கு அடியில."

அப்புக்குட்டனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமுகிற மாதிரி வெளியே போனான்.

"நீ பேடிச்சிருவேன்னுதான் சொல்லல்ல" என்றான் கனகதாஸ்.

"எதிர்வீட்டுக்காரி தெனமும் வந்து, எனக்க மவன் குவைத்துல ஏசி ரூமுல இருக்கான், எனக்க மவன் குவைத்துல ஏசி ரூமுல இருக்கான்னு சொல்லிச் சொல்லி எனக்குக் காது பழுத்துப் போச்சு. நான் பதிலுக்கு ஒண்ணும் சொல்ல முடியாம, எனக்க மவன் கப்பல்ல பல்பு மாட்டுகான்னு சொல்லிட்டு உள்ள போவேன். கடலுக்க அடியில இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா அவ அதுக்கப்புறம் எனக்க முற்றத்துல கால் வைப்பாளா?"

ஆனால் சொல்லி முடித்த பிறகு அவளுடைய கை கப்பலின் முதுகைத் தடவத் தொடங்கியது. முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால்.

"இதுல சன்னல் எங்க?"

"சன்னல் கிடையாது அம்மா."

"வாசல்?"

"மேல உண்டு. உள்ள எறங்கினா இறுக்கிப் பூட்டிருவோம்."

"உனக்குப் பயம் இல்லியா மக்கா?"

கனகதாஸ் விளையாட்டாக ஏதாவது சொல்வான் என்று சௌதாமினி எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை. "முதல் தடவை உண்டு. ராத்திரி பூரா உன்னத்தான் நினைச்சேன். இப்போ இல்ல. மேல வந்து மூடியைத் திறந்தா மூஞ்சில ஒரு காத்து அடிக்கும் பாரு, அதுக்காகவே எத்தனை தடவை வேணும்னாலும் முங்கலாம்."

குளத்திலிருந்து ஈரத் துண்டோடு திரும்பிய ஆசாரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பட்டறை வாசலில் நின்றிருந்தார். செல்லபாய் அவர் பக்கம் திரும்பினாள்.

"நீரு சொல்லும் ஆசாரியே. உமக்குத் தெரியாதா? இதுக்குள்ள ஆளு இருக்கலாமா?"

"நான் கணக்குப் பாத்துத்தான் செய்திருக்கேன் அக்கா" என்றார் ஆசாரி. "மரணத்தத் தாண்டிப் பால்யத்துல நிக்குது. அம்மைக்க மடியில இருக்கப்பட்ட வயசு."

சௌதாமினி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் கடலில் கிடக்கிற அசலுக்கு என்ன வயசு என்று செல்லபாய் கேட்டால், அப்பா உள்ளதைச் சொல்லிவிடுவார். செல்லபாய் கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவள் அல்ல. அந்தக் கேள்வி அவளுடைய உதடு வரைக்கும் வந்ததையும், அவள் அதை விழுங்கியதையும் சௌதாமினி பார்த்தாள். ஆறு வருஷம் முங்கி ஆறு வருஷமும் மேலே வந்தவன் எதிரே நிற்கிறான், அதுபோதும் என்று நினைத்திருப்பாள்.

"எங்களுக்கு வேதத்துல அப்படியொண்ணும் இல்ல" என்றாள் செல்லபாய். "உம்ம கணக்குலயும் எனக்க பிள்ளை நல்லா இருக்கான்னா, அதும் இருக்கட்டும்." அப்புறம்தான் அவள் கண்ணில் பென்சில் குறியும், சௌதாமினியின் கையில் இருந்த வாளும் பட்டன. "நீ என்ன பிள்ளே, வாளும் கையுமா நிக்கே?"

சௌதாமினி மென்று விழுங்கினாள். "கேப்டனுக்கு அளவு சரியா இருக்கணுமாம் மாமி. ஒரு விரல் வெட்டணும்."

"கேப்டனுக்கு வேற செய்து குடு. இது எனக்க வீட்டுக்கு."

"அம்மா" என்றான் கனகதாஸ்.

"நீ மிண்டாத. ஆறு வருசம் மிண்டாம இருந்தேல்ல, இன்னும் கொஞ்ச நேரம் இரு."

தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டித் தலையில் வைத்தாள். ஓமனக்குட்டியும் சௌதாமினியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட, பத்தாயமாக இருந்து கப்பலானது செல்லபாயின் தலையில் ஏறிப் பாதையில் இறங்கியது. பின்னால் உப்பேரி டின்னோடு கனகதாஸ். வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், அவள் எல்லோரிடமும் நின்று பதில் சொன்னாள். ஓமனக்குட்டி சந்திப்பு வரைக்கும் கூடவே போய் வந்து, பஸ்ஸில் கண்டக்டர் கப்பலுக்கு ஜன்னலோர இடம் ஒழித்துக் கொடுத்ததாகச் சொன்னாள். அது எவ்வளவு நிஜமோ தெரியாது, சொன்னவள் ஓமனக்குட்டி.

அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டுக் கனகதாஸ் உப்பேரி டின்னோடு மட்டும் திரும்பி வந்தான். அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"மாசக் கடைசியில எனக்க கூட்டுகாரன் ஒருத்தன் மார்த்தாண்டத்துலயிருந்து விசாகப்பட்டினம் வாறான். அதுக்குள்ள இன்னொண்ணு வேணும். பேப்பர்ல உள்ள அளவுல."

"அந்த அளவுல எனக்க கை குறி போடாது" என்றார் ஆசாரி.

"நான் போடுகேன்" என்றாள் சௌதாமினி. "எனக்க கைக்குச் சாஸ்திரம் தெரியாது."

ஆசாரி அவளைப் பார்த்தார், மோட்டுவளையைப் பார்த்தார். மடியிலிருந்து எடுத்த வெற்றிலையைக் காலையிலிருந்து முதல் தடவையாக வாயில் போட்டார். நன்றாக மென்ற பிறகு கேட்டார்.

"கப்பல் நிக்க அடியில ஒரு பீடம் வேணும்லா? அது ஆரு செய்வா?"

"ஆராவது செய்வா. எதுக்கு?"

"பீடத்தையும் சேத்து அளந்தா சுத்தளவு வேறயாக்கும். கப்பல் உங்க பேப்பர்படி இருந்துட்டுப் போட்டு. பீடத்தை எனக்கு விட்டிரு."

கனகதாஸ் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கேப்டனும் காப்பாற்றப்பட்டார், கணக்கும் காப்பாற்றப்பட்டது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவன் ஓடிப்போனபோது பட்டறையில் எல்லோருக்கும் வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

அப்பா கை கழுவப் போனதும் சௌதாமினி புருஷன் பக்கம் வந்தாள். பலகைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாசக் கடைசி வரைக்கும் வேலை உண்டு. கேட்டியளா?"

"ஒரு கப்பல் ஒரு மாசம். அப்புறம்?" என்றான் அவன். கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டான். "தாஸ் சொல்லுகான், வருசம் பூரா உண்டுன்னு. அவன் நல்லவன். ஆனா அவன் கேப்டன் இல்லியே. விசா கையில இருக்கு சௌதாமினி. இது வாயில இருக்கு."

சரியான பேச்சுதான். இத்தனை நாளும் ஒரு கப்பலைச் சாக்கு வைத்துப் பேச நினைத்தவளுக்கு இப்போது சாக்கும் கரைந்து போய்விட்டது. சன்னல் இல்லாத இடத்தில் ஆறு வருஷம் இருந்தவனின் அம்மா, ஒரு பகல் நேரத்தில் எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள். தான் மட்டும் ஏன் வாயைப் பூட்டிக்கொண்டு திரிய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"கப்பலுக்காகச் சொல்லல்ல" என்றாள். "கப்பலு உங்க கை இல்லாம நானே செய்திருவேன். கொஞ்சம் கோணும், திருத்திக்கிடுவேன். நீங்க போவாண்டாம். எனக்கு நீங்க இங்க இருக்கணும். அதுதான்."

அப்புக்குட்டன் கையில் இருந்த பலகையைக் கீழே வைத்தான். வாயைத் திறந்தான். அதற்குள் பாதையில் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது.

வந்தது ஈசாக். திருவனந்தபுரத்து ஏஜென்டின் ஆள். ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே கூப்பிட்டான்.

"எந்தா அப்புக்குட்டா, கோளடிச்சல்லோ, யோகந்தான். தேதி முன்னால வந்தாச்சு. நாளைக்கு மெடிக்கல், அடுத்த வாரம் பிளைட். காலையில முதல் பஸ்ஸுக்கு வந்திரணும், கேட்டியா."

ஓமனக்குட்டி அடுக்களையிலிருந்து வந்தாள். அப்பா ஈரக் கையோடு வந்தார். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு ஸ்ரீகுமாரி துணி உலர்த்துகிற சாக்கில் நின்றாள். அப்புக்குட்டன் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தான்.

"அத இவகிட்டக் கேளும்" என்றான்.

ஈசாக் சிரித்தான். "கெட்டினவகிட்டக் கேட்டுட்டு எவன்டே கல்ஃபுக்குப் போறான்?"

"நான் கேப்பேன். அவ சொல்லட்டும்."

இரண்டு பேர் மட்டும் இருந்தபோது சொன்ன வார்த்தையை இப்போது அப்பா, அம்மா, அன்னியன், வேலி எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்ல வேண்டும். சௌதாமினிக்குக் காது மடல் சுட்டது. மீன்காரியை நினைத்துக்கொண்டாள். தலையில் கப்பலோடு நடந்து போன செல்லபாயை நினைத்துக்கொண்டாள்.

"அவரு வரல்ல" என்றாள். "எனக்கு அவரு இங்க வேணும்."

வேலிக்கு அப்பால் ஸ்ரீகுமாரியின் கையிலிருந்த துணி நழுவியது. செல்லையன் ஆசாரி காதில் செருகியிருந்த பென்சிலை மும்முரமாகத் தேடத் தொடங்கினார். ஓமனக்குட்டி அதிசயமாக ஒன்றும் சொல்லவில்லை.

ஈசாக்கின் சிரிப்பு போய்விட்டது. "பேச்சு நல்லாத்தான் இருக்கு. பாஸ்போர்ட் எங்க ஏஜென்ட் முதலாளிக்க கையிலல்லா இருக்கு? விசா வந்த பிறகு வரல்லன்னா அவரு அத அப்படியே எடுத்துத் தந்திருவாருன்னு நினைக்காண்டாம். எத்தனை பேரை இருத்தி, கரைச்சு, கையோட ஏத்தி விட்டிருக்காருன்னு தெரியுமா உனக்கு? நீ நாளைக்கு வந்து நேர்ல சொல்லு, பாப்போம்."

"வாறேன்" என்றான் அப்புக்குட்டன்.

ஸ்கூட்டர் புகையைக் கக்கிக்கொண்டு போனது. நேரில் போனால் இந்த மனுஷனைப் பேசியே கரைத்துவிடுவார்கள் என்று சௌதாமினிக்குத் தெரியும். யார் எதைச் சொன்னாலும் சரி என்று தலையாட்டுகிற சுபாவம். அவள் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்புக்குட்டன் திரும்பினான். அவன் முகத்தில், கல்யாணத்தன்று மாலையைச் சரியாகப் போடத் தெரியாமல் நின்றபோது இருந்த அதே அசட்டுச் சிரிப்பு.

"நல்ல சேலை ஒண்ணு எடுத்து வை" என்றான். "நாளைக்கு நீயும் வாற. நான் கூட நிக்கேன். பேசப்பட்டது நீயாக்கும்."